பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் லேப்டாப்பில் இருப்பதோ ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமலே ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, பிரின்டர் இரண்டும் உடனே வேலை செய்தன. 4 ஜிபி ராமிலும் திணறல் இல்லை. தமிழ்99 கீபோர்டு முறையை அமைக்கத்தான் அரைமணி நேரம் பிடித்தது. 'க'வை இரண்டு தடவை தட்டியதும் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்தது, அப்போதுதான் நிம்மதி.

கடையில் உள்ள விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பை மட்டும் தொடவில்லை. இத்தனை வருடம் அடித்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில், லினக்ஸுக்கு வராத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்களாகக் கிடக்கின்றன. விண்டோஸ் 7-க்கும் ஆதரவு முடிந்துவிட்டதால், பாதுகாப்புக்காக நெட் வயரை மட்டும் கழற்றிவிட்டேன்.