12 கோடு காட்டும் பழைய லீஃப்: பணம் கொடுக்க முன் வாசியுங்கள்

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வாங்க யோசிப்பவர்களும், யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கமிருந்து கொழும்புக்குப் போய் ஒன்று எடுத்துவர நினைப்பவர்களும் இதை வாசித்துவிட்டுப் போங்கள். மீற்றரில் 12 கோடும் எரிவதைக் காட்டியே எங்களுக்கு ஒரு களைத்துப்போன பற்றரியைத் தலையில் கட்டினார்கள்.

கொழும்புக்கு வெளியே ஒரு கார் சேல். "2015 கார் அண்ணை, புது மொடல், மோட்டரும் பவர் கூட. பற்றரி புதுசு மாதிரி, மீற்றரையே பாருங்கோ" என்றார் விற்றவர். லீஃப் மீற்றரின் வலது ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு வரிசை இருக்கும். அதுதான் பற்றரியின் ஆரோக்கியம். அதற்குப் பக்கத்தில் தடிப்பாகத் தெரிவது அந்த நேரத்துச் சார்ஜ் மட்டும்தான். ஆரோக்கிய வரிசையில் 12 கோடும் இருந்தன.

கார் வீட்டுக்கு வந்து சில கிழமைகளிலேயே கோடுகள் விழத் தொடங்கின. இப்போது எட்டில் நிற்கிறது. முதல் கோடு விழும்போதே கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போய்விட்டிருக்கும். பிறகு விழும் ஒவ்வொன்றும் ஆறு சதவீதம் சொச்சம். எட்டு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு. ஏசி போட்டுக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய் வந்தால் வீட்டு வாசலுக்கு வரமுன்னரே எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "எலெக்ட்ரிக் கார் எண்டால் அப்பிடித்தான், எங்கட வெய்யிலுக்கு இறங்கும்" என்றார். பாதி உண்மையை வைத்துச் சொல்லும் பொய் இது. லீஃப் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. வெப்பம் அதைத் தின்னும் என்பது சரிதான். 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் நகர வெயிலில் ஓடிய லீஃப்களின் கோடுகள் விழுந்து பெரிய பிரச்சினையானதும் உண்மை. ஆனால் அங்கே கூட அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடந்தது. சில கிழமைகளில் நாலு கோட்டை எந்த வெயிலும் தின்னாது.

நடந்தது வேறு. பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்பதை அதன் கட்டுப்பாட்டுக் கணினி ஓட ஓடக் கணித்து நினைவில் வைத்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள சொக்கெட்டில் கருவியைச் செருகி அந்த நினைவை அழித்துவிட்டால், தன்னைப் புதுக் கார் என்று எண்ணிக்கொண்டு 12 கோட்டையும் காட்டும். பற்றரியில் ஒன்றும் மாறியிருக்காது. ஓடிச் சார்ஜ் போடப் போட, கணினி திரும்பவும் உண்மையைக் கண்டுபிடிக்கும். அதற்குள் பணம் கைமாறிவிடும்.

இங்கே கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணா, பற்றரிக் கணினியில் உள்ளதை வாசிக்கும் லீஃப்ஸ்பை செயலியைத் தன் போனில் திறந்து காட்டினார். 24 கிலோவாட் மணி பற்றரியில் 192 செல்கள், சோடி சோடியாக 96. திரையில் 96 தூண்களாக வரும். கார் நிற்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். ஏற்றத்தில் அக்சிலேற்றரை அமுக்கச் சொன்னார். சில தூண்கள் மட்டும் சட்டென்று கீழே போயின. லொறியை முந்தப் போனால் கார் இழுக்காததற்குக் காரணம் அதுதான்: மோட்டரில் பிழை இல்லை, பலவீனமான அந்தச் செல்களைக் காப்பாற்றக் கணினி மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிறது.

அடுத்தது மொடல் விஷயம். 2015 என்பது இங்கே பதிவான வருடம். உற்பத்தி 2012. வரி குறைவாயிருந்த 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து பாவித்த லீஃப்கள் ஏராளமாக வந்தன, பதிவும் உற்பத்தியும் ஒன்றாக இருக்காது. ஜப்பானில் 2012 நவம்பரில் மொடல் மாறியது. பழையதன் செசி நம்பர் இசட்ஈ0 என்றும், புதியது ஏஇசட்ஈ0 என்றும் தொடங்கும். இரண்டிலும் 24 கிலோவாட் மணி பற்றரி, இரண்டிலும் 80 கிலோவாட் மோட்டர். "பவர் கூட" என்றது சுத்தப் பொய். முறுக்குவிசை 280 நியூட்டன் மீற்றரிலிருந்து 254 ஆகக் குறைந்தது. ஆனால் புதிய மொடல் சுமார் 80 கிலோ எடை குறைவு, அதே அளவு பற்றரியில் ஜப்பானியச் சோதனைக் கணக்கில் ஒரு முழுச் சார்ஜுக்கு ஓடும் தூரம் 200 கிலோமீற்றரிலிருந்து 228 ஆனது. விலை வித்தியாசம் அதற்குத்தான். எங்களிடம் புதியதற்கான விலையை வாங்கிக்கொண்டு பழையதைத் தந்தார்கள். பதிவுச் சான்றிதழை முழுப் பணமும் கட்டும்வரை கண்ணில் காட்டவில்லை.

டிக்கியைத் திறந்தாலே மொடல் தெரிந்துவிடும். பின் சீற்றுக்குப் பின்னால் குறுக்கே ஒரு மேடு இருந்தால் அது பழையது. சார்ஜர் அங்கே இருக்கிறது. புதியதில் சார்ஜர் பொனட்டுக்குள் போய்விட்டது, டிக்கி தட்டையாக இருக்கும்.

பற்றரிக்கு, கோட்டையும் சதவீதத்தையும் விடுங்கள். செயலியே கூடப் பத்து வருடக் காருக்கு 98, 99 என்று காட்டினால் அழித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற முடியாத ஒன்று இருக்கிறது: சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டிவிட்டு, தனி மின் மீற்றர் வைத்து முழுதாகச் சார்ஜ் போடுங்கள். நல்ல 24 பற்றரி 20 அலகுக்கு மேல் இழுக்கும். பதினைந்து, பதினாறிலேயே நிறைந்துவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு நாள் தர மாட்டேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு, 2025 இல் திரும்பத் திறக்கும்வரை, இருந்த கார்களே கைமாறிக் கைமாறி வந்தன, ஒரே பற்றரியின் நினைவை எத்தனை தரம் அழித்தார்களோ தெரியாது. எங்களுக்கு விற்றவர் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், 1977 இல் நீங்களும் அழைக்கலாம். வாங்கும்போது "உற்பத்தி ஆண்டு, செசி நம்பர், பற்றரிக் கணினி அழிக்கப்படவில்லை" என்று விற்பவரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எங்கள் முறைப்பாட்டில் முதலில் கேட்டதே அந்தக் கடதாசியைத்தான்.