பேசாத செனட்டரும் பதினைந்து நிமிடம் பேசிய செனட்டரும்

அமெரிக்க செனட்டின் தொடக்ககாலப் பெண் உறுப்பினர்களில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: ஆர்கன்சாஸின் ஹாட்டி கேரவே, மெய்னின் மார்கரெட் சேஸ் ஸ்மித். கணவரின் மரணத்தால் காலியான இடம்தான் இருவருக்கும் நாடாளுமன்றக் கதவைத் திறந்தது.

கேரவே 1932இல் வென்று, செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். மன்றத்தில் அபூர்வமாகவே வாய் திறந்ததால் ‘மௌன ஹாட்டி’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குழு வேலைகளில் கெட்டிக்காரர். செனட் குழுவொன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே. ஆனால் அந்த அமைதியைப் புனிதமாக்க வேண்டாம். கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொல்வதைத் தடுக்கவந்த மசோதாவை எதிர்த்த தென்மாநிலத்தாருடன்தான் அவர் நின்றார்.

ஸ்மித்தும் வளவளவென்று பேசியவர் அல்லர். 1950 ஜூன் 1 அன்று சுமார் பதினைந்து நிமிடம் பேசினார், அவ்வளவுதான். பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டிவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரை உச்சரிக்காமலே, அவதூறால் ஆளைச் சாய்க்கும் அவரது அரசியலைக் கண்டித்தார். மெக்கார்த்தி அதே அவையில் இருந்தார். ஸ்மித்தின் சொந்தக் கட்சிக்காரர்தான்! ஸ்மித் வெளியிட்ட கண்டன அறிக்கையில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் இன்னும் ஆறு பேர் கையெழுத்திட்டனர். பதிலடியாக விசாரணைத் துணைக்குழுவில் ஸ்மித்தின் இடம் பறிபோய், ரிச்சர்ட் நிக்சனுக்குப் போனது.

குழு அறை வேலைக்குக் கேரவேயைத் தேர்ந்தெடுப்பேன். விவாதத்துக்கு என்றால் ஸ்மித்தான். செனட் மெக்கார்த்தியைக் கண்டிக்க 1954 வரை எடுத்துக்கொண்டது.