ஆறு வருடமாக பயோடீசல்: தோப்பில் ஒரு மாதிரி, மலையில் ஒரு மாதிரி

வத்தலக்குண்டுப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜின் ஒன்று இருக்கிறது. மேலே தாண்டிக்குடி மலையில் காபிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பரை ஓட்ட அதே மாதிரி இன்னொன்று. 2019 முதல் இரண்டுக்கும் பயோடீசல்தான். கீழே டீசலே கலக்காத பி100. மேலே எவ்வளவு ஊற்றலாம் என்பது பிடிபட இரண்டு மார்கழி ஆனது.

நான் தயாரிப்பதில்லை, வாங்குகிறேன். ஓட்டலிலும் பலகாரக் கடையிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரி சூட்டில் கலக்கினால், கிளிசரின் அடியில் இறங்கி பயோடீசல் மேலே நிற்கும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மெத்தனால் கொடிய விஷம், ஆவியே தீப்பிடிக்கும், வாங்கி வைக்க உரிமமும் வேண்டும். கொல்லைப்புறத்தில் செய்து பார்க்கும் காரியமல்ல.

முதல் மாதமே இரண்டு பில்டர் அடைத்துக்கொண்டது. கலப்பட எண்ணெயைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் பில்டரைக் கழற்றி விரலால் வழித்துக் காட்டினார். "அண்ணே, இது டேங்குல வருசக்கணக்கா படிஞ்ச சகதி. இந்த எண்ணெய் அதையெல்லாம் கரைச்சு இழுத்துட்டு வருது." உண்மைதான். மூன்றாவது பில்டருக்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. அடுத்து ரப்பர் ஓஸ் ஊறி உப்பி, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுந்தது. பயோடீசலில் ஊறாத வைட்டான் என்ற ரப்பர் ஓஸ் மாற்றினேன். விலை கூடுதல்தான், ஆனால் இன்னும் அதே ஓஸ்தான் ஓடுகிறது.

மணிக்கு 1 லிட்டர் டீசல் குடித்த இன்ஜின் இதில் 1.1 லிட்டர் கேட்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் இதில் சக்தி சற்றுக் குறைவு. அதனால் விலையில் கிடைக்கும் மிச்சம் பெரிதாகக் கையில் நிற்காது.

2021-இல் ஒரு டிரம் பயோடீசல், தயாரித்தபின் சோப்பு போகத் தண்ணீரில் சரியாகக் கழுவாமல் வந்துவிட்டது. அதிலிருந்து எந்த டிரம் வந்தாலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி பயோடீசல் ஊற்றிக் குலுக்கி வைக்கிறேன். நல்ல சரக்கு அரை மணிக்குள் தெளிவாகப் பிரிந்துவிடும். அன்றைய சரக்கு நடுவில் மோர் மாதிரி வெள்ளையாகத் திரண்டு அப்படியே நின்றது. உள்ளே சோப்பு மிச்சம் இருந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிப்போயிருக்கும். அது காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் எரிபொருளாக மாறாமல் சோப்பாகிவிடும். அந்த டிரம்மைத் திருப்பி அனுப்பினேன்.

மலையில் வந்தது வேறு பிரச்சினை. காபிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருப்பதே மார்கழியில்தான். பறித்த பழத்தை உடனே தோலுரிக்காவிட்டால் புளித்துவிடும். முதல் வருடம் ஒரு விடியற்காலை இன்ஜினைச் சுற்றுகிறோம், சுற்றுகிறோம், பிடிக்கவே இல்லை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய் போல வெண்மையாகக் கட்டிக் கிடந்தது. நம் ஊர்க் கடைகளில் பொரிப்பது பெரும்பாலும் பாமாயிலில். அதிலிருந்து எடுத்த பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மங்கிக் கட்டத் தொடங்கும். கீழே எந்த மாதத்திலும் இதைப் பார்த்ததில்லை. வெந்நீரில் நனைத்த சாக்கை டேங்கில் சுற்றி, இளகவைத்து ஓட்டினோம். அதற்குள் இரண்டு மூட்டைப் பழம் கெட்டுவிட்டது. அடுத்த வருடம் பாதிக்குப் பாதி கலந்தும் பில்டர் மெழுகாக அடைத்தது. இப்போது கார்த்திகையிலிருந்து மாசி வரை மேலே பி20 மட்டும், அதாவது 20 சதவீதம் பயோடீசல், மீதி டீசல். அதன்பின் ஒருநாளும் நின்றதில்லை.

இருப்பு வைப்பதிலும் பட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் வாங்கி அரைகுறையாகக் காலியான டிரம் ஈரத்தை இழுத்து, அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று பாசி மாதிரி பிடித்தது. மேலே ஊசிப்போன எண்ணெய் வாடை. இப்போது மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. டிரம்மில் சாக்பீஸால் தேதி எழுதி, வாய்வரை நிரப்பி நிழலில் வைக்கிறோம்.

இத்தனைக்கும் ஏன் விடவில்லை? பல்ப்பர் கொட்டகையில் முன்பு டீசல் புகை சூழ்ந்து நிற்கும். பழம் பொறுக்கும் அக்காமார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை செய்வார்கள். இப்போது கொட்டகையில் கண் எரிவதில்லை. இதில் கந்தகம் அறவே இல்லாத அளவுக்குக் குறைவு, கரும்புகையும் நன்றாகக் குறைந்துவிட்டது. கிணற்றடியில் கொஞ்சம் சிந்தினாலும் டீசலைவிட வேகமாக மண்ணில் மட்கிவிடுகிறது. எனக்கு இவை இரண்டும் விலையைவிடப் பெரிது.

2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது. 2000-களில் பயோடீசலுக்குக் காட்டாமணக்கு நட்டால் போதும் என்றார்கள். தண்ணீர் காட்டாத மேட்டு நிலத்தில் அது சொன்னபடி காய்க்கவில்லை. வடைச்சட்டியில் மிஞ்சும் எண்ணெய்க்குத் தனியாக நிலம் வேண்டாம், நீரும் வேண்டாம். மறுபடி சமையலுக்கே திரும்பாமல் அதை இந்தப் பக்கம் திருப்புவது நம் வயிற்றுக்கும் நல்லது.

மெதுவாகச் சுற்றும் பழைய ஒற்றை சிலிண்டர் இன்ஜின், பம்ப்செட், பல்ப்பர் வைத்திருப்பவர்கள் தைரியமாக முயலலாம். காமன் ரயில் இன்ஜின் (மிக அதிக அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் புது வகை) உள்ள புது டிராக்டரில் பி100 ஊற்றாதீர்கள். கம்பெனி புத்தகத்தில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். என் டிராக்டருக்கு நான் இன்றுவரை பங்க் டீசல்தான் போடுகிறேன்.