மைனரா, மாருதியா, மார்ச்சா? மலைநாட்டில் சாமான் தேடும் மூன்று பழைய கார்கள்

“உதிரிச் சாமான் கிடைக்குமா?” பழைய கார் பார்க்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ குடியிருப்பவர் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: சாமான் கிடைக்காத நாளில், பக்கத்துக் கராஜிலும் லேத் பட்டறையிலும் அதைத் திருத்தி ஓட்ட முடியுமா? கொழும்புக்காரர் காலையில் அங்கே உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் மாலைக்குள் வேலையை முடித்துவிடலாம். நமக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் கூலியும் சேர்ந்த செலவு. அப்படிப் போய் வாங்கி வந்த சாமான் பொருந்தாவிட்டால் இன்னொரு நாள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாய் விழுந்தபோது, 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 வரை ஏறியது. சாமான் விலையும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டாலும், வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியருக்கோ சிறு மரக்கறி வியாபாரிக்கோ எட்டுவதில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது இன்றைக்கும் பல லயங்களில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு கார்தான். ஆகவே எதை வைத்திருப்பது என்பதை ஆற அமர யோசிக்க வேண்டும். மொரிஸ் மைனர், மாருதி 800, நிசான் மார்ச் கே-11 என்ற மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் சிக்கனக் கார்கள் என்று பெயர் வாங்கியவை. மூன்றுக்கும் சாமான் வரும் வழிகள் வேறு.

மலை என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. கீழே கம்பளையில் சரியாக வைத்த கார்ப்ரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கருவி), ரம்பொடை ஏறி முடிந்ததும் பெற்றோலை மிகையாக ஊற்றி, பிளக்கைக் கரியாக்கும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் காலை வாரிவிடும். தண்ணீரும் அந்த உயரத்தில் 100 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் அழுத்தம் பிடிக்காமல் போனால், கீழ்நாட்டில் தாக்குப்பிடிக்கும் எஞ்சின் இங்கே கொதித்துவிடும். இறக்கத்திலோ எல்லாச் சுமையும் பிரேக்கின் தலையில். இந்த மூன்று சோதனைகளிலும் மூன்று கார்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

மைனரில் தொடங்குகிறேன். 1948 இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட கார். வயதைப் பார்த்து இதற்குத்தான் சாமான் பஞ்சம் என்று நினைப்போம். உண்மை அதற்கு எதிர்ப்புறம். பிற்கால மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சின் மினி காரிலும் வந்தது. 2000 ஆம் ஆண்டு வரை அந்த வகை எஞ்சின் செய்யப்பட்டது. பிரித்தானியாவில் இன்றும் மைனருக்கென்றே புதுச் சாமான் செய்து விற்கிறார்கள். 1990களில் இலங்கையில் அடித்த மைனரின் உடற்தகடுகள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின. பவுண்ட் கணக்கில் வாங்குவது கையைக் கடிக்கும் என்பது வேறு விடயம். ஆனால் பெரும்பாலானவற்றை வாங்கவே தேவையில்லை. எஞ்சின் பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடு ஏறினாலும் அலுமினிய ஹெட்டைப்போல எளிதில் வளைவதில்லை. ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். ஒழுகினால் ஈயம் வைத்து அடைக்கலாம், உள்கூட்டையே மாற்றிக் கட்டலாம். எஸ்.யூ. கார்ப்ரேட்டரின் அடியில் இருக்கும் ஒரே நட்டைச் சற்றுத் திருப்பினால் நுவரெலியாக் காற்றுக்கு ஏற்றபடி பெற்றோல் குறைந்துவிடும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளையே இதைச் செய்யலாம்.

ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய காலத்து ஹெட்டில் புகை வால்வு அமரும் இடம் மென்மையானது. ஈயமில்லாப் பெற்றோலில், அதுவும் மலை ஏற்றத்தின் சூட்டில், அது மெல்ல மெல்லக் குழிந்துபோகும். வால்வு இடைவெளி திரும்பத் திரும்ப இறுகுகிறது என்றால் அதுதான் அடையாளம். ஹெட்டைக் கழற்றி, கடினமான இரும்பு வளையம் பதித்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. நல்ல லேத் பட்டறை செய்யும் வேலைதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு மைனரின் பிரேக்கைப் பற்றி வாய் மூடி இருக்க முடியாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு வழி. ஒரு ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும். மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. நம் மழையில் சேறும் ஈரமும் குடியிருக்கும் இடம் அது. துருப்பிடித்த சிலிண்டரைக் கடைந்து உள்ளே பித்தளைக் குழாய் பதிப்பது நல்ல வழி. ரப்பரை மட்டும் மாற்றிச் சமாளிப்பது ஆபத்தான சிக்கனம். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் இன்னொரு பயம். மரையோடு சுழலும் இந்தத் துண்டுக்குக் கிரீஸ் அடிக்க மறந்தால் மரை தேய்ந்து கழன்று, சக்கரம் மடிந்துவிடும். மைனர் வைத்திருப்பவரின் கராஜில் கிரீஸ் துப்பாக்கி இல்லை என்றால் அந்தக் காரில் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். மூட்டத்திலும் மழையிலும் விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டால் பழைய டைனமோ திணறும். ஜப்பான் காரின் பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன், தூய்மைவாதிகள் என்ன சொன்னாலும்.

மாருதியைப் பற்றிச் சொல்ல அவ்வளவு நாடகம் இல்லை. அதுவே அதன் பலம். 1983 டிசம்பரில் இந்தியாவில் தொடங்கி 2014 ஜனவரி வரை செய்யப்பட்ட கார் இது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். அதே எஞ்சின் ஓம்னி வானிலும் வந்ததால் சாமானுக்கு இரட்டை வழி. சிறு நகரத்துக் கடையில்கூட இதன் கிளட்ச் கேபிளும் பிளக்கும் பிரேக் சூவும் பெரும்பாலும் அலமாரியில் இருக்கும். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருப்பது இறக்கத்தில் பெரிய ஆறுதல். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, மாருதிக்காரர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள்.

அதன் குறை, சாமான் கிடைப்பதிலேயே ஒளிந்திருக்கிறது. எளிதில் விற்கும் சாமானுக்குத்தான் போலியும் அதிகம். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி முத்திரை. உள்ளே இருக்கும் பிரேக் ரப்பர் ஒரு மழைக்காலத்தில் ஊதிப்போகும். ஹெட் அலுமினியம் என்பதையும் மறக்கக் கூடாது. கினிகத்தேனை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போவதைக் கண்டும் “ஹட்டனுக்குப் போய்ப் பார்க்கலாம்” என்று ஓட்டினால் ஹெட் வளைந்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். லேத்தில் ஒரு முறை சமன்செய்யலாம். அடுத்தடுத்துச் செய்ய உலோகம் மிஞ்சாது. பத்து ரூபாய் பெறாத சோம்பலுக்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்கிறோம் என்று கண்டவர்கள் பலர். ஓட்டும்போது நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைச் சோதிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார்ப்ரேட்டர் மாருதியா, 2000 க்குப் பிறகு வந்த, பெற்றோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் மாருதியா என்றால், கண்டி, கம்பளை மட்டத்தில் இருப்பவர் கார்ப்ரேட்டரோடு நிம்மதியாக இருக்கலாம். கந்தப்பளை, நுவரெலியா, பட்டிப்பொல பக்கம் குடியிருப்பவருக்கு இன்ஜெக்‌ஷன்தான் என் தேர்வு. காற்றுக்குத் தக்கபடி அதுவே பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும்.

மார்ச் கே-11 மூன்றிலும் சிறந்த கார். ஓட்டிப் பார்த்தவர் மறுக்க மாட்டார். 1992 இல் வந்தது. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான கார் விருதை வாங்கிய முதல் ஜப்பானியக் கார் இதுதான். அமைதியான எஞ்சின், இதமான ஸ்டியரிங், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் சங்கிலி நெடுநாள் உழைக்கும்; தள்ளிப்போட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்கும் காரை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

ஆனால் இதன் நோய்கள் கண்ணுக்குத் தெரியாதவை. காற்றின் அளவை உணரும் கருவி, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திரொட்டிலோடு ஒன்றாகவே வருகிறது. உள்ளே இருக்கும் சாலிடர் மூட்டுகளில் நுண்ணிய விரிசல் விழுந்தால், கார் சூடானதும் தள்ளாடும், ஏற்றத்தில் திடீரென்று இழுவை விட்டுப்போகும். கராஜில் பிளக்கை மாற்றுவார்கள், பெற்றோல் பம்பை மாற்றுவார்கள், வயரை மாற்றுவார்கள், காசு கரையும். கடைசியில் முழுத் திரொட்டிலையும் பஞ்சிகாவத்தையில் பழையதாக வாங்கச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன், கை நிதானமுள்ள ஒரு ரேடியோ, டிவி திருத்துநரிடம் அதைக் கொண்டுபோய் மூட்டுகளை மறுபடி சாலிடர் செய்து பாருங்கள். பல கார்கள் இதனாலேயே எழுந்து நடந்திருக்கின்றன. கராஜ்காரரும் டிவி திருத்துநரும் ஒரே மேசைக்கு வருவது நம் ஊர்களில் அரிதாக இருப்பது வருத்தம்.

மார்ச்சில் ஒரு வகையை மட்டும் நான் மலைக்கு வேண்டாம் என்றே சொல்வேன்: சி.வி.டி. எனப்படும் தானியங்கிக் கியர்ப்பெட்டி உள்ளது. இரும்புப் பட்டியும் மின்காந்தத் தூள் கிளட்ச்சும் கொண்ட அந்தக் காலத்து அமைப்பு அது. நின்று நின்று ஏறும் மலைப்பாதை கிளட்ச்சைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போனால் அதைத் திறந்து பார்க்கத் துணிபவர் மலையில் அரிது; பழையது வாங்கினாலும் அதற்குள் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் கியர் போடும் மார்ச் கிடைத்தால் கதையே வேறு. ரேடியேட்டரின் மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி; வெடித்தால் ஈயம் வைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாங்கிய கையோடு ஒரு மிச்ச ரேடியேட்டரையும் தேடி வைப்பது புத்தி.

எந்தச் சாமானைப் புதிதாக, எதைப் பழையதாக, எதை லேத்தில் என்பதில் மூன்று கார்களுக்கும் ஒரே நியாயம்தான். கியர்ப்பெட்டி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கதவுக் கண்ணாடி எல்லாம் பழையதாக வாங்கலாம். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய ஸ்டார்ட்டர், மலிவான புது நகலைவிட நன்றாக உழைப்பதைப் பல கராஜ்களில் காணலாம். புஷ், புல்லி, தேய்ந்த டிரம்மைச் சமன்செய்வது லேத்தின் வேலை. ஆனால் ஸ்டியரிங்கின் பந்து மூட்டு, டிரனியன், பிரேக் குழாய், ரப்பர், டைமிங் பெல்ட் இவற்றைப் பழையதாக வாங்குகிறவர் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. பிரேக் குழாயை வெட்டி ஒட்டுவதற்கு எந்தக் கராஜ் பாஸ் (மேஸ்திரி) சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

பிரேக் எண்ணெயை யாரும் சாமானாகக் கணக்கெடுப்பதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 என்ற தரத்துப் புது எண்ணெய் 230 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 க்கு இறங்குகிறது. டொட் 3 என்றால் 205 உம் 140 உம். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியைப் போன்ற செங்குத்தான இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டு வந்தால் அந்த எல்லை நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழு எண்ணெயையும் மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சி.வி.டி. வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: கையால் கியர் போடும் காரில் எஞ்சினைப் பிரேக்காகப் பயன்படுத்துவது உங்கள் விருப்பத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு கார், அதுவும் நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் தினமும் வேண்டியது என்றால் நான் மாருதியைத்தான் சொல்வேன். வீட்டில் ஸ்பானர் பிடிக்கும் ஆள் இருந்து, கிரீஸ் அடிக்கும் பொறுமையும் இருந்தால் மைனர் மூன்றிலும் நீண்ட நாள் வாழும். தகட்டுத் துருவை மட்டும் வருடாவருடம் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மார்ச் மீது ஆசை இருப்பவர் கை கியர் வண்டியாகப் பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஒரு நீண்ட ஏற்றத்தில் இழுவை குறைகிறதா என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுக்கட்டும். குளிர்ந்த எஞ்சினோடு கடைவீதியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டும் விற்பனைக்காரரிடம் அந்த ஏற்றத்தைக் கேட்டுப் பெறுங்கள். மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம்.