லீவா, கணக்கு முடிப்பதா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தார் என் அக்கா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு மாதமாவது யாராவது கூடவே இருக்க வேண்டும். சம்பளமில்லா லீவு கேட்பது ஒரு வழி. கணக்கு முடித்துக்கொண்டு, அதாவது ராஜினாமா செய்து சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, அம்மா எழுந்து நடமாடியதும் வேறு கம்பெனியில் சேர்வது இன்னொரு வழி. “தையல் தெரிந்தவளுக்குத் திருப்பூரில் வேலைக்கா பஞ்சம்?” என்றார் சூப்பர்வைசர். அக்கா கணக்கை முடித்தார். நானும் தலையாட்டினேன்.

சூப்பர்வைசர் சொன்னது பொய்யில்லை. கணக்கு முடித்தால் கையில் ஒரு தொகை வரும், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, வீட்டில் உட்கார்ந்து தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டினால் மளிகைச் செலவுக்காவது ஆகும். ஆர்டர் குவியும் மாதங்களில் பீஸ் ரேட்டுக்கு ஆள் தேடி அலைகிறார்கள்.

லீவின் பலவீனமும் தெரிந்ததுதான். பிள்ளை பெற்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு விடுப்பைச் சட்டம் தரவில்லை. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு சேரும்; 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அக்காவுக்கோ அதைத் தீபாவளி போனசோடு காசாக்கிக் கொடுத்திருந்தார்கள். ஆக, மிச்சமிருந்தது நிர்வாகம் மனம் வைத்தால் கிடைக்கும் சம்பளமில்லா லீவு மட்டும்.

இவ்வளவு தெரிந்தும் இன்று கேட்டால் லீவைத்தான் சொல்வேன். அக்காவின் சர்வீஸ் நான்கு ஆண்டு மூன்று மாதம். வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும்; ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கு. நிர்வாகம் ஒப்புக்கொண்ட லீவு அந்தத் தொடர்ச்சியை அறுக்காது, ராஜினாமா அறுத்துவிடும். பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதியின் பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வேண்டும். வேலையை விட்டபின் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஓடிய ஆண்டுகளும் அதோடு போகும். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்றால், வேலையில் இருந்துகொண்டே பி.எப்.பில் முன்பணம் கேட்கலாம். அதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. கதை இன்னும் கசப்பு. சொந்த வருமானம் இல்லாமல் மகளை நம்பியிருந்த அம்மாவும் அக்காவின் அட்டையில்தான் இருந்தார். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதும் அந்த அட்டையை வைத்துத்தான். வேலையை விட்ட மறுநாளே அது செத்துவிடாது, கட்டிய சந்தாவுக்கு ஏற்பச் சில மாதம் ஓடும். அம்மாவைப் பார்ப்பதற்காக வேலையை விட்டோம். அந்தச் சில மாதம் முடிந்தால் அம்மாவின் மருந்துக்கு இருந்த வழியும் அடைபட்டுவிடும்.

“உன் பேரிலேயே மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக்கொள்” என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம். அந்த நாள்களில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. தொழிலாளியின் சொந்த நோய்க்கு உள்ள உதவி அது. அம்மாவைத் தூக்கித் தூக்கி அக்காவின் இடுப்பே போயிருந்தால் நியாயமாகக் கேட்கலாம். பொய்ச் சான்றிதழ் வழக்கில் கொண்டுபோய் விடும்.

பெரியம்மா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே 1993 முதல் ஒரு சட்டம்: 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்தவர், கடும் நோயில் கிடக்கும் தாய் தகப்பனைப் பார்க்க 12 வாரம் போய்வரலாம். சம்பளம் கிடையாது, வேலை காத்திருக்கும். மாமனார் மாமியார் அந்தக் கணக்கில் வரமாட்டார்களாம். நம் ஊர் மருமகளுக்கு அந்தச் சட்டம் வந்தாலும் பாதிதான் உதவும்.

அக்காவுக்கு வேலை மூன்றே மாதத்தில் கிடைத்தது. கூலியும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். போன வாரம் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் பெண் ஒருத்தி, மாமனாருக்கு முடியவில்லை என்று அக்காவிடம் யோசனை கேட்டு வந்தாள். லீவு லெட்டரை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீஸ் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். “சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்” என்று எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாமல், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடு என்றும் சொல்லி அனுப்பினார்.