கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பு, பசங்கள சேர்க்கலாமா?

எங்க ஏரியா கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்கு தேவாரம், ஆத்திசூடி, புராணக்கதை எல்லாம் சொல்லித்தர்றாங்க, ஃபீஸ் கிடையாது, என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ், போன வருஷத்துல இருந்து போறா. சாமி பக்தி இருந்தாதான் புள்ள ஒழுக்கமா வளரும்னு எங்க அத்தை சொல்லி சேர்த்தது. உச்சரிப்பு, பாட்டு எல்லாம் சூப்பர், அதுல குறையே இல்ல.

நான் எழுத வந்தது நல்லது கெட்டத எப்படி சொல்லித்தர்றாங்கங்கறத பத்தி. அங்க ஒரு டீச்சர் எதுக்கெடுத்தாலும் "சாமி கண்ண குத்தும்". பொய் சொன்னாலும் குத்தும், பிரசாதத்த சிந்தினாலும் குத்தும், ரெண்டும் ஒண்ணா சொல்லுங்க? என் பொண்ணு ராத்திரில லைட்ட அணைக்கவே விடல, பாவம்.

இன்னொரு டீச்சரம்மா வேற மாதிரி. ஒரு பையன் பக்கத்துல இருந்தவன் ரப்பர எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான், அவங்க திட்டவே இல்ல, "இப்ப அவன் தப்பா எழுதிட்டா எத வச்சுடா அழிப்பான்?"னு மட்டும் கேட்டாங்க, கொஞ்ச நேரம் முழிச்சுட்டு தானா எடுத்து குடுத்துட்டான். அப்புறம்தான் மனுநீதிச் சோழன் கதை, அதுலயும் கன்னுக்குட்டி செத்தப்ப அந்த பசுவுக்கு எப்படி இருந்திருக்கும்னு கேட்டுக்கேட்டு சொன்னாங்க. புள்ளைங்க அப்படியே உக்காந்திருந்துச்சுங்க.

அமெரிக்காவுல லாரி நூச்சின்னு ஒரு ஆராய்ச்சியாளர், ரொம்ப மதப்பற்று உள்ள ஆமிஷ், மென்னோனைட்ங்கற கிறிஸ்தவப் பிரிவு வீட்டு பசங்ககிட்டயே கேட்டுப் பாத்தாரு. கடவுள் தடை போடலன்னா ஞாயித்துக்கிழமை வேலை பாக்கலாமான்னா பெரும்பாலும் பாக்கலாம்னாங்க, கடவுள் ஒண்ணும் சொல்லலன்னா அடுத்தவன அடிக்கலாமான்னா அப்பவும் தப்புதான்னாங்க. அடுத்தவனுக்கு வலிக்கும்கறது புள்ளைங்களுக்கே தெரியுது, பக்தி அத வளர்த்துவிடணும், பயத்த போட்டு மூடக்கூடாது.

இத சொன்னா எங்க வீட்டுக்காரர் உடனே, சாமி கும்பிடுற வீட்டு பசங்க கம்மியாதான் பகிர்ந்துக்குவாங்கன்னு 2015ல 6 நாட்டுல எடுத்த ஸ்டடிய காட்டுவாரு. அதுல நாடுகளுக்கு அடையாளத்துக்கு போட்ட நம்பர நிஜ அளவு மாதிரி தப்பா கணக்குல சேர்த்துட்டாங்கன்னு தெரிஞ்சு 2019ல வாபஸே வாங்கிட்டாங்க, அத யாரும் ஃபார்வேர்ட் பண்றதில்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது அன்னதான நாள். பெரிய பசங்கதான் இலை போடணும், தண்ணி வைக்கணும், வந்த தாத்தா பாட்டிங்க சாப்பிட்டு எழுந்த அப்புறம்தான் அவங்களுக்கு சாப்பாடு.

சேர்க்கலாம், தாராளமா. ஆனா முதல் ரெண்டு மூணு வாரம் நீங்களும் பின்னாடி உக்காந்து கேளுங்க, எந்த டீச்சர் குரூப்னு பாத்து மாத்தி கேளுங்க, குடுக்குறாங்க. கண்ண குத்தும் பேச்ச நிறுத்தச்சொல்லி ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் நாலு பேரு குடுத்தா கண்டிப்பா கேப்பாங்க.