உங்கள் பெற்றோரின் போனில் இருப்பது யாருடைய ஜிமெயில்?

வீட்டுப் பெரியவர்களுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கி, அதைக் கடையிலேயே "எல்லாம் போட்டு" கொண்டுவந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்றே அந்த போனை வாங்கி, செட்டிங்ஸைத் திறந்து, 'கூகுள்' என்று இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். மேலே ஒரு மின்னஞ்சல் முகவரி தெரியும். அது யாருடையது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

என் அம்மாவின் போனில் இருந்தது கடைக்காரரின் கணக்கு. அம்மாவுக்காகத் திறந்ததுகூட இல்லை. அந்தக் கடையில் போன் வாங்கும் பலருக்கும் போட்டுக் கொடுக்கிற ஒரே கணக்கு.

"செட்டப் இலவசம்மா, உட்காருங்க" என்று சொல்லி போனை உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது வாட்ஸ்அப் இருந்தது, யூடியூப் இருந்தது, எழுத்தும் பெரிதாக வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஏகத் திருப்தி. பாஸ்வேர்டு என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அன்று தெரியாது. தெரியாதவர் கேட்கவில்லை என்பதற்காக, தெரிந்தவர்கள் சொல்லாமல் விடலாமா? என் கோபம் முழுக்க அதில்தான்.

விஷயம் வெளியே வந்தது தொடர்புப் பட்டியல் வழியாக. "யாருடா இது, 'எடுக்காதே'ன்னு ஒருத்தர் இருக்கார்?" என்று அம்மா ஒரு நாள் கேட்டார். வாங்கிப் பார்த்தேன். 'எடுக்காதே', 'பிளம்பர் 2', 'டீச்சர் வீடு', 'மாடி புதுசு' என்று அம்மாவுக்குச் சம்பந்தமே இல்லாத பெயர்கள் வரிசையாக இருந்தன. பழைய சிம்மில் ஏற்கெனவே இருந்ததாக இருக்கும் என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார். அது அப்படி இல்லை. போனில் ஒரு பெயரைச் சேர்க்கும்போது, பெரும்பாலும் அது போனில் இருக்கும் கூகுள் கணக்கில்தான் போய்ச் சேரும். அதே கணக்கு எத்தனை போனில் இருக்கிறதோ அத்தனை போனிலும் அந்தப் பெயர் தோன்றும். அழித்தாலும் அப்படித்தான். ஒரு போனில் அழித்தால் எல்லாப் போனிலும் போய்விடும்.

கொஞ்ச நாளில் அதுவும் நடந்தது. அம்மாவின் டாக்டர் எண்ணைக் காணோம். என் சித்தியின் எண்ணையும் காணோம். தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்று அம்மா குழம்பிப் போய், போனைத் தொடவே பயந்தார். நடந்தது என்னவாக இருக்கும் என்று இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வேறு ஏதோ வீட்டில் ஒருவர், "யார் இவங்களெல்லாம்?" என்று தன் போனைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அந்தச் சுத்தத்தில் என் சித்தி காலி. நல்லவேளையாக, கூகுள் தொடர்புகளில் அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். காண்டாக்ட்ஸ் செயலியில் 'ஆர்கனைஸ்' என்ற பகுதிக்குள் போய் இருவரையும் மீட்டேன்.

இன்னொரு தொல்லை, இடம் தீர்ந்துவிட்டது என்று ஓயாமல் வந்த அறிவிப்பு. புது போனில் எப்படி இடம் தீரும்? கடையில் கேட்டதற்கு, "போட்டோவெல்லாம் டெலீட் பண்ணுங்கம்மா" என்றிருக்கிறார்கள். அம்மாவும் பேரப்பிள்ளைகள் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். தீர்ந்தது போனின் இடம் இல்லை. ஒரு கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிதான் தீர்ந்திருந்தது. ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். கடையின் வாடிக்கையாளர்கள் பலர் அதை நிரப்பிக்கொண்டிருக்க, அம்மா எத்தனை படத்தை அழித்து என்ன பயன்? கூகுள் போட்டோஸைத் திறந்தால் நடுநடுவே யார் வீட்டுக் குழந்தையோ கேக் வெட்டுகிறது. அம்மா அவையெல்லாம் விளம்பரம் என்று நினைத்திருக்கிறார்!

அப்புறம்தான் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். அதில் 'யுவர் டிவைசஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அந்தக் கணக்கு எந்தெந்த போனில், கணினியில் திறந்திருக்கிறது என்று காட்டும். வெவ்வேறு மாடல்களில் போன்கள், கூடவே ஒரு விண்டோஸ் கணினி. அந்தக் கணினி கடையில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். மீட்பு எண், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் போன் எண், இருக்கும் இடத்தில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது எங்கள் வீட்டு எண் எதுவும் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர் அம்மாவின் படங்களையும் தொடர்புகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்து 2025-ல் ஃபைண்ட் ஹப் என்று பெயர் மாறிய சேவை வழியாக போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். போனில் உள்ளதை முழுக்க அழிக்கக்கூட அதில் வழி இருக்கிறது. "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று போன் கேட்கும்போதெல்லாம் அம்மா சரி என்று தட்டியிருந்தால், அவையும் அந்தக் கணக்கில்தான் கிடக்கும். கடையில் யாராவது அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதே போதாதா?

கடைக்குப் போய்க் கேட்டேன். "சார், அதெல்லாம் கம்ப்யூட்டர்ல எங்கேயோ இருக்கும். ரீசெட் பண்ணிப் புதுசா போட்டுத் தர்றோம், அதுக்கு சர்வீஸ் சார்ஜ் ஆகும்" என்றார்கள். ரீசெட் என்றால் போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. இலவசமாகச் செய்த தவறைச் சரிசெய்யக் காசு! ஏன் எல்லாருக்கும் ஒரே கணக்கு என்றால் பதில் இல்லை. காரணம் எனக்கே தெரியும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறக்க நேரம் ஆகும், அவரவர் போன் எண்ணுக்குக் குறியீடு (ஓடிபி) வரும், அதைக் கேட்டுப் போட வேண்டும். கடையின் எண்ணையே வைத்து எல்லாருக்கும் திறந்துகொண்டே போகவும் முடியாது. ஓர் எண்ணுக்கு இத்தனை கணக்குகள்தான் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே ஒன்றை எல்லாருக்கும் ஒட்டிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

ரீசெட் என்றதும் ஓர் எச்சரிக்கை. கோபத்தில் வீட்டிலேயே பட்டன்களை அழுத்திப் பிடித்து போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து, அப்படி ரீசெட் செய்த போன் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கையோ பழைய ஸ்கிரீன் லாக்கையோ கேட்கும். திருடனிடமிருந்து காப்பாற்ற வைத்த பூட்டு அது. கணக்கு கடைக்காரருடையது, ஸ்கிரீன் லாக்கும் போடவில்லை என்றால், சொந்தப் போனுக்கு வெளியே நிற்பது நீங்கள்தான். கணக்கை முதலில் செட்டிங்ஸ் வழியாக நீக்கிவிட்டு ரீசெட் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அந்தப் பொதுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் செய்யவில்லை. மாற்றினால் பட்டியலில் உள்ள மற்ற போன்களும் வெளியேற்றப்படலாம். அவையும் யாரோ ஓர் அம்மாவின், ஒரு தாத்தாவின் கையில் இருப்பவைதானே.

ரீசெட்டே தேவைப்படவில்லை. முதலில் அம்மா பெயரில், அம்மாவின் எண்ணையே கொடுத்துப் புதுக் கணக்கு ஒன்று திறந்து, அதை இரண்டாவது கணக்காக போனில் சேர்த்தேன். பழையதை உடனே நீக்கிவிடக் கூடாது, அதுதான் இதில் முக்கியம். நீக்கினால் அதில் இருக்கும் தொடர்புகளும் போனிலிருந்து போய்விடும். அம்மாவும் நானும் உட்கார்ந்து, தெரிந்த பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து 'ஷேர்' கொடுத்தோம். விசிஎஃப் என்று முடியும் ஒரு கோப்பு கிடைத்தது. அதைத் திறந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்கும். புதுக் கணக்கைக் காட்டினால் போதும்.

படங்களை கேபிள் போட்டுக் கணினிக்கு இறக்கிவைத்தேன். கூகுள் போட்டோஸில் அழித்தால் பல சமயம் போனில் இருப்பதும் சேர்ந்தே அழியும் என்பதால், பிரதி எடுக்காமல் அதில் கை வைக்க வேண்டாம். அப்புறம் வாட்ஸ்அப். செட்டிங்ஸில் 'சாட்ஸ்', அதற்குள் 'சாட் பேக்கப்' என்று போனால் உரையாடல்களின் பிரதி எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்று காட்டும். பலர் இதை மறந்துவிடுவார்கள். புது போன் மாற்றும் நாளில் பழைய உரையாடல்கள் வர வேண்டுமென்றால் அதே எண்ணும் அதே கணக்கும் வேண்டும். அதைப் புதுக் கணக்குக்கு மாற்றி ஒரு முறை பேக்கப் எடுத்தோம். வாட்ஸ்அப்பிலேயே 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தையும் பார்த்தேன், அங்கே வேறு கணினி எதுவும் இல்லை. கடைசியாகப் பழைய கணக்கில் அம்மாவின் பெயர்களையும் படங்களையும் மட்டும் தேடி அழித்துவிட்டு, கணக்கை போனிலிருந்து நீக்கினேன். இதற்கு ஒரு முழு மாலை போயிற்று.

புதுக் கணக்கின் மீட்பு எண்ணாக என் எண்ணைப் போட்டிருக்கிறேன். முகவரியும் பாஸ்வேர்டும் அம்மாவின் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் இருக்கின்றன. பாஸ்வேர்டை எழுதிவைக்காதே என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. எழுபது தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. அலமாரி நோட்டை எடுக்க வீட்டுக்குள் வர வேண்டும், கடைக்கணக்கைத் திறக்க அதுகூட வேண்டாம்.

பிள்ளைகள் வெளியூரில், கடையை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் பலர் இருப்பார்கள், புரிகிறது. அப்படிப் போகும்போது போனை உள்ளே கொண்டுபோக விடாமல் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். கணக்கு திறக்கும்போது வரும் குறியீடு பெரியவரின் எண்ணுக்கே வர வேண்டும். பாஸ்வேர்டை அவரே தட்டட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. கடையை விட்டு இறங்கும் முன் 'யுவர் டிவைசஸ்' பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே அந்த ஒரு போன் மட்டும் இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.